அகவிழிப்பும் அன்றாட ஒழுக்கமும்: சமூகக் கலைக் கண்காட்சி அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆன்மிக விழிப்பு என்ற கருப்பொருளில் கண்காட்சி ஒன்றை அறிவித்தால் என்னென்ன படைப்புகள் வந்து சேரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். தாமரை மேல் அமர்ந்த நிழலுருவம், நெற்றியிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர், நீலமும் ஊதாவும் குழைந்த விண்வெளி ஆகியவையே அவற்றில் மிகுதியாக இருக்கும். வரைந்தவர்களின் உணர்வில் பொய்யில்லை. ஆயினும் முப்பது படங்கள் ஒரே உருவகத்தைத் திரும்பச் சொல்லும்போது பார்வையாளர் நான்காவது படத்திலேயே சலித்துவிடுகிறார். ஆகவே விழிப்பை வரையச் சொல்வதை விட்டுவிட்டு, அதை நாடி ஒருவர் நாள்தோறும் மேற்கொள்ளும் பயிற்சி காகிதத்திலும் துணியிலும் களிமண்ணிலும் விட்டுச் செல்லும் தடயத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. முழுநேர ஊழியர் எவரும் இல்லாத ஒரு தன்னார்வக் குழு, ஏறத்தாழ ஆறு மாத கால அவகாசத்தில் செய்யக்கூடிய அளவில் இங்கே வேலைகள் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

1. கருப்பொருளை ஒரே கேள்வியாகச் சுருக்குங்கள்

விரிந்த தலைப்பு கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தேர்வு நாளன்று எந்தப் படைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று முடிவெடுக்க அது உதவாது. எனவே குழு முதன்முதலில் கூடும்போதே தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். “நீங்கள் விடாமல் செய்துவரும் எந்தச் செயல் உங்களை உள்ளுக்குள் மாற்றியிருக்கிறது, அந்த மாற்றம் எந்தப் பொருளில் பதிந்திருக்கிறது?” என்பது அத்தகைய ஒரு கேள்வி. இதற்கு ஓவியர் மட்டுமல்லாமல் தையல் வேலை செய்பவர், நாட்குறிப்பு எழுதுபவர், தினமும் ஒரே மரத்தைப் புகைப்படம் எடுப்பவர் என எவரும் விடையளிக்க முடியும்.

கலை வரலாற்றில் இதற்குத் தெளிவான முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜப்பானியக் கலைஞர் ஓன் கவாரா 1966 ஜனவரி 4 அன்று ஒரு வரிசை ஓவியத்தைத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் அன்றைய தேதி மட்டுமே எழுதப்பட்டிருக்கும், நள்ளிரவுக்குள் முடியாத படத்தை அவர் அழித்துவிடுவார். தைவானில் பிறந்த நிகழ்த்துகலைக் கலைஞர் டெச்சிங் சியே 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை, இரவும் பகலும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை, தொழிற்சாலை வருகைப் பதிவு இயந்திரத்தில் அட்டையைப் பதித்தார். ஓராண்டுக்குரிய 8,760 பதிவுகளில் 133 தவறிப்போயின. எவை தவறின, ஏன் தவறின என்பதையும் அவர் கணக்கெழுதி வைத்தார். இந்த இரண்டு படைப்புகளிலும் ஆன்மிகச் சின்னம் என்று எதுவும் இல்லை. ஆனால் அவற்றின் முன் நிற்பவருக்கு ஒழுக்கம் என்றால் என்ன என்பது விளக்கமின்றிப் புரிந்துவிடுகிறது. அந்த 133 தவறுதல்கள் நமக்கு இன்னும் முக்கியமானவை. தவறிய நாளை மறைக்காமல் காட்டுவது பங்கேற்பாளருக்குத் துணிவைத் தரும், பார்வையாளருக்கு நம்பிக்கையைத் தரும்.

2. குழுவும் நடுநிலையும்

ஐந்து முதல் ஏழு பேர் போதும். காட்சி அமைப்பு, படைப்பாளர் தொடர்பு, இடமும் பாதுகாப்பும், கணக்கு ஆகிய நான்கு பொறுப்புகளையும் தனித்தனி நபர்களிடம் ஒப்படையுங்கள். ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் குழுவில் கடைசி வாரம் அவருடைய உடல்நிலையை நம்பியே நகரும்.

இந்தக் கருப்பொருளுக்கென்று கூடுதலாக ஓர் உடன்பாடு தேவைப்படுகிறது. எந்த ஒரு சமயமும் குருவும் இயக்கமும் தியான முறையும் கண்காட்சியின் வழியாக விளம்பரம் பெறாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வையுங்கள். நன்கொடையாளரின் துண்டுப் பிரசுரங்கள் கூடத்துக்குள் வைக்கப்படலாமா, திறப்பு விழாவில் யார் பேசுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பவை பணம் வாங்குவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியவை. சமய நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் அக ஒழுக்கம் உண்டு; அவர்களில் ஒருவரேனும் குழுவில் இருப்பது தேர்வின்போது பெரிதும் உதவும்.

3. இடத்தை அளந்த பிறகே அழைப்பு விடுங்கள்

எத்தனை படைப்புகளை ஏற்க முடியும் என்பதைச் சுவரின் நீளம்தான் தீர்மானிக்கிறது. கதவு, ஜன்னல், மின்பலகை, தீயணைப்புக் கருவி ஆகியவை பிடித்துக்கொள்ளும் பகுதியைக் கழித்துவிட்டு, எஞ்சிய சுவரை மீட்டர் கணக்கில் கூட்டுங்கள். சராசரிப் படைப்பின் அகலம் 70 செ.மீ. என்றும் இரு படைப்புகளுக்கிடையே 80 செ.மீ. வெளி என்றும் கொண்டால், ஒரு படைப்புக்கு ஒன்றரை மீட்டர் தேவை. 42 மீட்டர் சுவரில் 28 படைப்புகள் அமையும். வழக்கமான சமூகக் கண்காட்சியில் இதே சுவரில் ஐம்பது வரை நெருக்கி மாட்டுவார்கள். நின்று பார்ப்பதைக் கோரும் கருப்பொருளுக்கு அந்த நெருக்கம் பொருந்தாது என்பதால், கிடைத்த எண்ணிலிருந்து மேலும் நான்கைந்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இடத்தைப் பார்க்கச் செல்லும்போது பத்து நிமிடம் பேசாமல் அங்கேயே அமர்ந்திருங்கள். குளிர்சாதன இயந்திரத்தின் ரீங்காரம், பக்கத்து அறையின் நடன வகுப்பு, தெருவின் ஒலி ஆகியவை அப்போதுதான் காதில் விழும். கண்காட்சி எந்த நேரத்தில் திறந்திருக்குமோ அதே நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சக்கர நாற்காலி செல்வதற்குக் குறைந்தது 90 செ.மீ. அகலமான வழியும் திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெளியும் இருக்கின்றனவா, சாய்தளமும் கழிப்பறையும் பயன்படும் நிலையில் உள்ளனவா என்பதையும் அன்றே சரிபார்த்துவிடலாம்.

4. அழைப்பின் வாசகம்

மொத்த வேலையிலும் மிகக் கூடுதலான கவனம் இந்த ஒரு பக்கத்துக்குத்தான் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. “ஆன்மிக விழிப்பை வெளிப்படுத்தும் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன” என்று எழுதினால், முதற்பத்தியில் சொன்ன தாமரைகளே வந்து சேரும். அதற்குப் பதிலாகப் பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: “குறைந்தது ஆறு வாரங்களாக நீங்கள் ஒழுங்காகச் செய்துவரும் ஒரு பயிற்சியிலிருந்து பிறந்த படைப்பை அனுப்புங்கள். பயிற்சி எதுவாகவும் இருக்கலாம்: மூச்சைக் கவனித்தல், நடத்தல், படியெடுத்து எழுதுதல், நெய்தல், மௌனம். படைப்போடு, நீங்கள் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் அதைச் செய்கிறீர்கள் என்பதை ஐந்து வாக்கியங்களுக்குள் எழுதுங்கள். விட்டுப்போன நாட்களைப் பற்றியும் எழுதலாம்.” படைப்பாளர் இங்கே அனுபவத்தின் உயரத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தம் பழக்கத்தை விவரித்தால் போதும். முன் அனுபவம் இல்லாதவர்களைத் தயங்காமல் எழுத வைப்பது இந்தச் சிறு மாற்றம்தான்.

முதியவர்களையும் தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர்களையும் அழைப்பில் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் இது தங்களுக்கானதன்று என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஜப்பானிய ஜென் துறவி ஹாகுயின் எகாகு (1686–1769) தொழில்முறை ஓவியர் அல்லர். இன்று அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கும் அவருடைய மை ஓவியங்களில் பெரும்பாலானவை முதுமையில் வரையப்பட்டவை.

படைப்பின் உச்ச அளவு, எடை, கடைசி நாள், யார் எடுத்துச் செல்வது, விற்பனை உண்டா இல்லையா, கட்டணம் உண்டா என்ற விவரங்களும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். கூகுள் படிவம் ஒன்று போதுமானது. ஆயினும் இணையத்தில் பழக்கமில்லாதவர்கள் நேரில் தருவதற்கு ஒரு முகவரியும் நேரமும் ஒதுக்குங்கள். பங்கேற்பாளர் செலுத்தும் கட்டணத்தை இயன்றவரை தவிர்ப்பது நல்லது.

5. ஆறு வாரப் பயிலரங்கு

அழைப்புக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில், இதுவரை எதையும் உருவாக்கிப் பழகாதவர்களுக்கென்று ஒரு பயிலரங்கு நடத்தினால் கண்காட்சியின் முகமே மாறிவிடும். பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் ஏ5 அளவில் 42 தாள்களும் ஒரே வகைப் பேனாவும் கொடுங்கள். நாளொன்றுக்கு ஒரு தாள். அதில் மூச்சை வெளிவிடும் நேரமெல்லாம் இடமிருந்து வலமாக ஒரு கோடு. தாள் நிறைந்ததும் பின்புறம் தேதியிட்டு வைத்துவிட வேண்டும். கிழித்தெறிதல் கூடாது, திருத்தி வரைதல் கூடாது, தவறிய நாளுக்கு வெற்றுத் தாளையே தேதியிட்டு வைக்க வேண்டும் என்ற மூன்று விதிகள் மட்டும் போதும்.

முதல் வாரத்துத் தாள்களில் கோடுகள் அழகாக இருக்க முயல்வது தெரியும். இடைவெளியைச் சமப்படுத்தும் அக்கறையும், ஓரத்தில் வந்து நிற்கும்போது கைக்கு ஏற்படும் தயக்கமும் மையின் தடிப்பில் பதிந்துவிடும். நாட்கள் செல்லச் செல்லச் சிலருடைய கோடு நீண்டு தளர்கிறது, சிலருடையது இன்னும் இறுகுகிறது, ஒருசிலருக்குச் சோர்வு அப்பட்டமாக வெளிப்படுகிறது. இவற்றுள் எது முன்னேற்றம் என்று எவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வாரம் ஒருமுறை கூடி, ஒருவர் தாள்களை மற்றவர் பேசாமல் கால் மணி நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தாலே பயிலரங்கு முழுமை பெறும். 42 தாள்களையும் ஆறு வரிசையாகச் சுவரில் பொருத்தும்போது, தனித்தனியே எளிமையாகத் தோன்றியவை ஒன்றுசேர்ந்து ஒரு மனிதரின் ஆறு வாரங்களாகக் கண்முன் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை: தியானமும் நீண்ட மௌனமும் சிலருக்குப் பழைய துயரத்தையோ பதற்றத்தையோ கிளறக்கூடும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதை முதல் நாளிலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரை நாட உதவும் தொடர்பு விவரத்தையும் கையில் வைத்திருங்கள். நோய் தீரும், வாழ்வு மாறும் என்ற வாக்குறுதிகள் எங்கேயும் இடம்பெறக் கூடாது.

6. தேர்வு

தேர்வுக் குழு இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும்: படைப்பில் பயிற்சியின் தடயம் தெரிகிறதா? பக்கத்தில் வரப்போகும் படைப்போடு சேர்த்துப் பார்க்கும்போது இது புதிதாக எதையேனும் காட்டுகிறதா? பரிசுகளை அறிவிக்காமல் இருப்பதே இந்தக் கருப்பொருளுக்குப் பொருத்தம். யாருடைய விழிப்பு முதலிடம் பெற்றது என்ற அறிவிப்பைக் கற்பனை செய்து பார்த்தாலே காரணம் விளங்கும். மறுக்கப்பட்டவர்களுக்கு அச்சடித்த வாசகத்தை அனுப்பாமல், படைப்பைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுவது குழுவின் ஒழுக்கம்.

ஒரு மரபுக்குப் புனிதமான உருவமோ மந்திரமோ பொருளோ இடம்பெற்றால், அந்த மரபைச் சேர்ந்தவர்களிடம் முன்கூட்டியே கலந்துபேசுங்கள். எந்த உயரத்தில் வைக்கலாம், எதன் அருகில் வைக்கக் கூடாது, தொடலாமா, புகைப்படம் எடுக்கலாமா என்பவற்றை அவர்களே சொல்வார்கள். திபெத்தியத் துறவிகள் நாள்கணக்கில் மணல் மண்டலம் (வண்ண மணலால் ஆன புனித வரைபடம்) அமைத்து, முடிவில் அதைக் கலைத்து மணலை நீரில் சேர்ப்பது சடங்கின் ஒரு பகுதி. அத்தகைய படைப்பை வரவேற்றால், கலைக்கும் நேரத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். நிலைத்திருக்கும்படி பசை தடவி வைக்கலாமே என்று யாரேனும் யோசனை சொன்னால் மறுத்துவிட வேண்டும்.

7. ஒப்புகைப் படிவம்

இது வறண்ட வேலைதான். ஆனால் பிற்பாடு எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவற்றை இதுவே தடுக்கிறது. படைப்பின் பெயர், அளவு, ஊடகம், மதிப்பு, ஒப்படைக்கும் தேதி, திருப்பிப் பெறும் தேதி, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றைக் குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். வாங்கும்போதே முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள் எனப் புகைப்படம் எடுத்துவிடுங்கள். படைப்பைக் கொடுத்ததால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. சுவரொட்டியிலும் சமூக ஊடகத்திலும் பயன்படுத்துவதற்குத் தனி அனுமதி வேண்டும். பயிற்சி பற்றிய குறிப்பு அந்தரங்கமானது என்பதால், பெயரின்றி வெளியிடும் வாய்ப்பையும் படிவத்தில் கொடுங்கள்.

8. வரிசையும் வெளியும்

இருளிலிருந்து ஒளிக்குச் செல்லும் பயணமாகக் கூடத்தை வடிவமைக்க வேண்டும் என்ற ஆசை ஏறக்குறைய எல்லாக் குழுக்களுக்கும் தோன்றும். அதைக் கைவிடுவது நல்லது. உண்மையான பயிற்சி அப்படி நேர்கோட்டில் செல்வதில்லை, படைப்புகளும் அந்தக் கதைக்குள் அடங்குவதில்லை. திரும்பச் செய்தல், காத்திருத்தல், துறத்தல், கவனித்தல் என்று செயல்களின் அடிப்படையில் தொகுத்தால் வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்த படைப்புகள் இயல்பாக அருகருகே வந்து நிற்கும்.

கூடத்தின் தரைப்படத்தை 1:50 அளவில் காகிதத்தில் வரைந்து, படைப்புகளையும் அதே அளவில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். ஒரு சுவரையாவது வெறுமையாக விடுவதற்குக் குழு துணிய வேண்டும். அதன் எதிரே முதுகு சாய்க்கும் வசதியுள்ள இருக்கைகளைப் போடுங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1971இல் திறக்கப்பட்ட ராத்கோ சேப்பல் என்ற தியானக் கூடத்தில், ஓவியர் மார்க் ராத்கோ வரைந்த 14 இருண்ட ஓவியங்களும் சில இருக்கைகளும் மட்டுமே எண்கோண அறையை நிரப்புகின்றன. எந்த மதத்தவரும் மதமற்றவரும் அங்கே வந்து அமர்கிறார்கள். அந்த அறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, குறைவாக வைத்து உட்கார இடம் தருவது என்ற துணிவைத்தான்.

9. மாட்டுதலும் ஒளியும்

படத்தின் மையப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் வரும்படி மாட்டுவது கலைக்கூடங்களின் வழக்கம். சிறார்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் மிகுதியாக இருப்பார்கள் எனில் 140க்கு இறக்கலாம். ஆனால் கூடம் முழுவதும் ஒரே அளவைப் பின்பற்ற வேண்டும். ஆணியின் உயரத்தைக் கணக்கிட, படத்தின் உயரத்தில் பாதியை மைய உயரத்தோடு கூட்டி, பின்புறக் கம்பியை இழுத்துப் பிடிக்கும்போது அது மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அந்த அளவைக் கழியுங்கள். படம் 80 செ.மீ. உயரமும் கம்பி 12 செ.மீ. கீழேயும் இருந்தால், 150 + 40 − 12 = 178 செ.மீ. உயரத்தில் ஆணி அடிக்க வேண்டும். கனமான படங்களுக்கு இரண்டு கொக்கிகள் போட்டால் சாய்ந்துபோகாது.

காகிதம், நீர்வண்ணம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கும் அக்ரிலிக்குக்கும் 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. கைப்பேசிச் செயலி தோராயமான அளவையே காட்டும். ஒளிமானி ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஜன்னல் வழியே விழும் நேரடி வெயிலைக் கட்டாயம் மறைக்க வேண்டும். இயற்கை ஒளியை வெறும் கணிப்பில் விட்டுவிடக் கூடாது என்பதற்கும் ராத்கோ சேப்பலே சான்று. கூரை வழி வந்த வெயில் அங்கே அளவுக்கு மிஞ்சியதால் தடுப்பு அமைக்க நேர்ந்தது. பின்னர் புதிய கூரைச் சாளரத்தோடு 2020இல்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது.

விளக்கைச் செங்குத்துக்கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்து வைத்தால் கண்ணாடியில் எதிரொளி குறையும். மெல்லிய பென்சில் கோடும் தையலும் உள்ள படைப்புகளுக்கு இதைவிடப் பக்கவாட்டு ஒளி நன்றாக உதவும். ஆறடிச் சதுரக் கேன்வாஸில் ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின் கையால் இழுத்த பென்சில் கட்டங்கள் தூரத்திலிருந்து மூடுபனியாகத் தோன்றும். நெருங்கிச் சென்றால்தான் கோட்டின் மெல்லிய நடுக்கம் புலப்படும். உங்கள் கூடத்தில் இருக்கும் மூச்சுக் கோடுகளுக்கும் அந்த நெருக்கமும் அந்த ஒளியும் தேவை.

பின்னணி இசை வேண்டாம். மணியோசையும் புல்லாங்குழலும் பார்வையாளருக்கு எதை உணர வேண்டும் என்று கட்டளையிடுகின்றன. அகர்பத்திப் புகை சிலருக்கு மூச்சுத் திணறலைத் தரும், காகிதத்துக்கும் நல்லதன்று.

10. விளக்கக் குறிப்புகள்

ஒரு குறிப்பு 40 முதல் 50 சொற்களுக்குள் இருக்கட்டும். எழுத்தளவு 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. “இப்படைப்பு ஆன்மாவின் எல்லையற்ற பயணத்தைச் சித்திரிக்கிறது” என்ற வகை வாக்கியத்தை எந்தப் படத்தின் கீழும் ஒட்டிவிடலாம். ஆகவே எந்தப் படத்தின் கீழும் ஒட்டக் கூடாது. “விடியலுக்கு முன், சமையலறை மேசையில், இருபது நிமிடம். மூன்றாவது வாரத்தில் நான்கு நாட்கள் விட்டுப்போயின. நூல் தீர்ந்தபோது நிறத்தை மாற்றிக்கொண்டார்” என்று எழுதினால் பார்வையாளர் உடனே நிமிர்ந்து நிறம் மாறிய இடத்தைத் தேடுவார். குறிப்பு செய்ய வேண்டிய வேலை அதுதான்.

11. திறந்திருக்கும் நாட்கள்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு ஒன்றில், பார்வையாளர்கள் ஓர் ஓவியத்தின் முன் செலவிட்ட சராசரி நேரம் 27 விநாடி. அவர்களில் பாதிப் பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிட்டார்கள். கருப்பொருளே கவனம் என்பதால், பார்க்கும் முறையையும் கண்காட்சி ஏற்பாடு செய்ய வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை மௌன நேரமாக அறிவித்து, கைப்பேசிகளை வாசலில் உறையிலிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, எட்டுப் பேருக்கு மிகாத குழுவை ஒரே படைப்பின் முன் பத்து நிமிடம் அமரச் செய்து, பிறகு கண்ணால் கண்டதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பொருள் விளக்கும் உரை அதற்குப் பின் வரட்டும், அல்லது வராமலே போகட்டும்.

திறப்பு விழாவில் உரைகள் எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். தன்னார்வலர்களுக்கு முன்பே ஒருநாள் பயிற்சி கொடுங்கள்: எப்போது பேசுவது, அழுகை வந்தவரை எப்படித் தனிமையில் விடுவது, மதத்தைப் பற்றி வாதம் கிளம்பினால் எப்படி வெளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது என்பன நடைமுறையில் தேவைப்படுபவை.

12. இறக்குதலும் ஆவணமும்

இறக்கும் நாளுக்கும் மாட்டிய நாளுக்கு நிகரான ஆட்களை ஒதுக்குங்கள். விழா முடிந்த களைப்பில்தான் கண்ணாடிகள் உடைகின்றன. வாங்கியபோது எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, உரியவரிடம் கையொப்பம் பெற்றே ஒப்படையுங்கள். கூடத்தின் அகலக் காட்சிகள், ஒவ்வொரு படைப்பின் படம், குறிப்புகளின் இறுதி வடிவம், தரைப்படம் ஆகியவற்றைத் தேதியிட்டு இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

ஆவணம் ஏன் முக்கியம் என்பதற்கு ஹில்மா ஆஃப் கிளின்ட் (1862–1944) நல்ல எடுத்துக்காட்டு. ஆன்மிகத் தேடலிலிருந்து 1906க்கும் 1915க்கும் இடையில் 193 ஓவியங்கள் கொண்ட தொகுதியை வரைந்த அந்த ஸ்வீடன் நாட்டு ஓவியர், தம் மறைவுக்குப் பின் இருபது ஆண்டுகள் வரை அவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தார். ஆயிரக்கணக்கான பக்கங்களில் குறிப்புகளையும் விட்டுச் சென்றார். 2018இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய கண்காட்சியை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். எழுதி வைத்த குறிப்பேடுகள் இல்லையென்றால் அந்த வடிவங்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதே பெரும் சிக்கலாகியிருக்கும்.

வரவு செலவுக் கணக்கை இரண்டு வாரங்களுக்குள் பங்கேற்பாளர் அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள். எவரும் திரும்ப வந்து பெற்றுக்கொள்ளாத படைப்புகளை எத்தனை மாதம் பாதுகாப்பது, அதன் பின் என்ன செய்வது என்பதை ஒப்புகைப் படிவத்தில் எழுதியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்; எழுதத் தவறியிருந்தால், உரியவரிடம் மூன்று முறையேனும் கேட்காமல் எதையும் அகற்றக் கூடாது.